மாதிரி வேலை செய்யவில்லையா? வகுப்பறைப் புவியியலுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மணல் தட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டு, "இப்ப பாருங்க, ஆறு எப்படி வளையுதுன்னு" என்றேன். அது வளையவில்லை. நாற்பது பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, மணலை நேராகக் கிழித்துக்கொண்டு போய் மறுமுனையில் கொட்டியது. மணி அடித்துவிட்டது. அன்று மாலை அந்தத் தட்டோடு தனியே உட்கார்ந்து, எதை மாற்றினால் எது மாறுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. ஒன்பதாம் வகுப்பு நிலக்கோளப் பாடங்களுக்கும் அதன் முன்பின் வகுப்புகளுக்கும் பொருந்தும்.

மாதிரியில் வரும் கோளாறு இரண்டு வகை. ஒன்று, மாதிரி ஓடவே ஓடாது. அது கண்ணுக்குத் தெரியும், சரிசெய்துவிடலாம். இன்னொன்று, மாதிரி அழகாக ஓடும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஆனால் தப்பான ஒன்று மனதில் பதிந்துவிடும். அது பரீட்சைத் தாள் வரும்வரை தெரியாது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் அது எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆறு வளையவில்லை; நேராக ஓடுகிறது, அல்லது கிளை கிளையாகச் சிதறுகிறது

முதலில் சரிவைப் பாருங்கள். தலைப்பக்கத்தில் செங்கல்லை நிறுத்தி வைத்திருந்தால் அது அதிகம். 1 மீட்டர் நீளத் தட்டுக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயரம் போதும். இரண்டு நோட்டுப் புத்தகத்தின் கனம். (தட்டு வாங்க வேண்டியதில்லை. நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்தால் ஒழுகாத தட்டு தயார்.)

அடுத்து தண்ணீர். குழாயை நேரே திறந்தால் எந்த மணலும் தாங்காது. வாளியை மேசைமேல் வைத்து மெல்லிய ட்யூபை உறிஞ்சி இறக்கிவிடுங்கள்; துணி கிளிப்பால் ட்யூபை நெரித்து, 1 லிட்டர் இறங்க 5 நிமிடமாவது ஆகும்படி வையுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருந்தால் குழி விழாது.

இரண்டும் சரியாக இருந்தும் தண்ணீர் பல கிளையாகப் பிரிந்து ஓடினால், குறை கரையில் இருக்கிறது. ஆறு வளைய வேண்டுமென்றால் வெளிக்கரை மெதுவாக அரிபட வேண்டும். அதே வேகத்தில் உள்கரையில் மணல் படிந்து நிலைக்க வேண்டும். உதிரி மணலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே சிக்கல்தான் இருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் செய்து 2009-ல் வெளியிட்ட சோதனையில், தொட்டி மணலில் குதிரைமசால் என்னும் தீவனப் பயிரை முளைக்கவிட்டு, அதன் வேர் கரையைப் பிடித்துக்கொள்ளச் செய்தார்கள். அதன் பிறகு ஆறு வளைந்தது, வளைந்தபடியே இடமும் நகர்ந்தது.

முளைப்பாரி போடத் தெரிந்த ஊர் நம்முடையது. கேழ்வரகையோ வெந்தயத்தையோ ஈர மணலில் நெருக்கமாகத் தூவி, ஆறேழு நாள் தண்ணீர் தெளித்து வாருங்கள். நான் வேண்டுமென்றே தட்டின் இடப்பக்கம் மட்டும் விதைத்தேன். தண்ணீர் விட்டதும் வலப்பக்க மணல் கரைந்துகொண்டே போனது. இடப்பக்கம் அடிமணல் மட்டும் அரிபட்டு, மேலே வெள்ளை வேர்கள் குஞ்சம்போலத் தொங்கின. கொஞ்ச நேரம் பொறுத்து, முளையோடு சேர்ந்து ஒரு கட்டி அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்தது. முன்னால் நின்ற பெண், "டீச்சர், எங்க ஊரு ஆத்துல நாணல் இருக்கற பக்கம் இப்படித்தான் கரை தொங்கிக்கிட்டு நிக்கும்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இன்னும் பத்துத் தடவை மணல் சுமப்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு: எம்-சாண்ட். பள்ளிக்குப் பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் அதுதான். உடைத்த பாறை என்பதால் துகள்கள் முனை முனையாக இருக்கும், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். தூளும் கலந்திருப்பதால் நனைந்தால் இறுகும். இரண்டு மூன்று தடவை அலசித் தூளை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆற்று மணலில் ஒரு பிடி கிடைத்தால் அதை விடாதீர்கள். இரண்டையும் கறுப்புத் தாளில் கொட்டி லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் கூர்முனை, மற்றதில் தேய்ந்த முனை. ஆறு கல்லை உருட்டுகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்த மாதிரி எங்கே விலகுகிறது? அளவில். தட்டில் ஒரு மணல் துகள், நிஜ ஆற்றில் ஒரு கூழாங்கல்லுக்குச் சமம். ஒரு பாடவேளையில் இங்கே நடப்பதற்கு அங்கே பல தலைமுறை ஆகும். இரண்டையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

மண் கலக்கிய பாட்டில் இரண்டு நாளாகியும் தெளியவில்லை

இது பிழையே இல்லை. மணல் சில விநாடியில் இறங்கிவிடும். வண்டல் இறங்கச் சில நிமிடம் முதல் சில மணி நேரம் ஆகும். 2 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கு) அளவுள்ள களித்துகள் மணிக்கு 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் இறங்கும். அதைவிட நுண்ணியது நாள்கணக்கில் மிதக்கும். கரிசல் மண்ணில் களி மிகுதி. அடுத்த பாடவேளைக்குள் அடுக்கு தெரிய வேண்டுமானால் மணல் கலந்த செம்மண் எடுங்கள்.

தெளியாத பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ஒரு கரண்டி கல் உப்புப் போட்டுக் கலக்குங்கள். களித்துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. உப்பு அந்த விலக்கத்தைக் குறைக்க, அவை ஒட்டித் திரண்டு இறங்குகின்றன. கலங்கிய ஆற்று நீர் கடலுப்பைச் சந்திக்கும் முகத்துவாரங்களிலும் இது நடக்கிறது. வீட்டில் பாட்டி குடத்தில் தேத்தாங்கொட்டை உரைத்துத் தண்ணீரைத் தெளியவைப்பதைப் பார்த்த பிள்ளை யாராவது வகுப்பில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

தெளிந்த பிறகு வரும் தவறு நுட்பமானது. அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே களி என்று பார்த்ததும், "பாறை அடுக்கெல்லாம் இப்படி ஒரே நாளில் பிரிந்தவை" என்று பிள்ளைகள் முடிவுகட்டுகிறார்கள். ஒரே தடவை கொட்டினால் கிடைப்பது ஒரே நிகழ்வின் படிவு. வேறு வேறு நிற மண்ணை, ஒன்று படிந்தபின் அடுத்தது என்று நாலைந்து நாள் கொட்டுங்கள். இரண்டாவது நாள் ஒரு சிறு கிளிஞ்சலைப் போட்டுவிடுங்கள். கடைசியில், "கிளிஞ்சல் எந்தக் கிழமை விழுந்தது?" என்று கேட்டால், கீழே இருப்பது மூத்தது என்று டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669-ல் எழுதிய விதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கச் சுவரில் இதே கதை கடல்கிளிஞ்சலோடு நிற்கிறது.

செங்கல் குதிக்காமல் வழுக்கிக்கொண்டே வருகிறது

நிலநடுக்கத்துக்கு இது நல்ல மாதிரி. உப்புத்தாள் ஒட்டிய பலகைமேல் செங்கல். செங்கல்லில் ரப்பர் பேண்டு. ரப்பர் முனையில் நூல். நூலை மெதுவாக இழுத்தால் செங்கல் அசையாமல் நிற்கும், ரப்பர் நீளும், திடீரென்று செங்கல் ஒரு குதி குதிக்கும்.

குதிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ரப்பர் விறைப்பானது. சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டியிருந்தால் கை நகரும்போதெல்லாம் செங்கல்லும் கூடவே நகரும். மெல்லிய ரப்பர் பேண்டு நாலைந்தைச் சங்கிலியாகக் கோத்துப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் உப்புத்தாளைத் தட்டுங்கள். செங்கல் தூள் இடையில் சிக்கி உருளையாக வேலை செய்கிறது. செங்கல்லின் அடியிலும் உப்புத்தாள் சுற்றிவிடுவது நல்லது. கையால் இழுப்பதைவிட நூலைப் பென்சிலில் சுற்றிச் சுற்றி இழுத்தால் வேகம் சீராக இருக்கும். அந்தச் சீர் முக்கியம்: இழுப்பு ஒரே சீராக இருந்தும் குதிப்பு சீராக வராது. பத்துக் குதிப்பின் தூரத்தை அளந்து எழுதச் சொல்லுங்கள். நிலநடுக்க நாளை ஏன் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலே பதில்.

"பூமிக்குள்ள ரப்பர் எங்க டீச்சர் இருக்கு?" என்று ஒருவன் கேட்பான்; கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். மாதிரியில் செங்கல் வேறு, ரப்பர் வேறு. பூமியில் பாறைதான் இரண்டும். 1906 சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்துக்குப் பின் நில அளவைகளை ஒப்பிட்ட அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர் ரீட், பாறையே மெல்ல வளைந்து, பிளவில் வழுக்கியதும் விடுபட்டு நிமிர்கிறது என்று 1910-ல் விளக்கினார்.

இதோடு சேர்த்துச் செய்யும் இன்னொரு மாதிரி, ஈர மணலில் வைத்த வீடு புதைவது. புதையவில்லை என்றால் தண்ணீர் குறைவு, அல்லது மணல் பருமன். நீர்மட்டம் மணல் பரப்புக்கு ஒரு விரல் கீழே வரும்வரை ஊற்றி, டப்பாவின் பக்கத்தில் வேகவேகமாகத் தட்டுங்கள். குலுங்கும் ஈர மணல் பிடிப்பை இழந்து குழம்புபோல ஆகிவிடுகிறது. 1964 நிலநடுக்கத்தில் ஜப்பானின் நீகாட்டா நகரில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமல் அப்படியே சாய்ந்தது இதனால்தான்.

அடுக்குகள் மடியவில்லை, நடுவில் ஒரே மேடாகக் குவிகிறது

துணி அடுக்கா, மணல் அடுக்கா என்பதைப் பொறுத்தது இது.

துணி என்றால், மேலே எடை இல்லை என்று பொருள். ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹால் கடற்கரைப் பாறையில் பார்த்த மடிப்புகளை வீட்டுக்குள் செய்து காட்டினார். 1815-ல் அது அச்சில் வந்தது. துணிகளை அடுக்கினார், மேலே ஒரு கதவைப் போட்டார், கதவின்மேல் பாரம் ஏற்றினார், பிறகு இரு பக்கமும் நெருக்கினார். அந்தப் பாரம்தான் ரகசியம். பழைய துண்டு ஏழெட்டை அடுக்கி, மேலே பலகை, அதன்மேல் மூன்று நான்கு செங்கல் வைத்து நெருக்கிப் பாருங்கள். ஒற்றை மேடு போய் வரிசையாக மடிப்புகள் வரும். மடிப்பு உண்டாவது நிலத்துக்கு அடியில், மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை அழுத்தும்போது என்பதைச் செங்கல்லைத் தொட்டுக் காட்டியே சொல்லிவிடலாம்.

மணல் என்றால், ஈரம் இருக்கிறது, அல்லது வேகமாகத் தள்ளுகிறீர்கள். நன்கு காய்ந்த, சலித்த மணலை 3, 4 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, இடையிடையே வண்ணக் கோலப்பொடியை மெல்லிய கோடாகத் தூவுங்கள். அரிசிமாவு வேண்டாம், ஈரம் இழுக்கும், மறுநாள் எறும்பு மொய்க்கும். ஒரு பக்கப் பலகையை மிக மெதுவாக, நிமிடத்துக்கு 1 சென்டிமீட்டர் என்று தள்ளினால், கோலப்பொடிக் கோடு ஓரிடத்தில் அறுந்து ஒரு துண்டு மற்றதன்மேல் ஏறும். ஏறும் சாய்வு படுத்தாற்போல், சுமார் 30 பாகை. பலகையைப் பின்னால் இழுத்தால் வரும் பிளவு செங்குத்தாக, 60 பாகைப் பக்கம். பாகைமானியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியரையும் அன்று கூப்பிடலாம்.

"பாறை எவ்வளவு கெட்டி! உதிரி மணல் எப்படி அதுக்குப் பதிலாகும்?" என்பது இந்த வகுப்பின் மிகச் சிறந்த கேள்வி. அமெரிக்கப் புவியியலாளர் ஹப்பர்ட் 1937-ல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்: நீளத்தைச் சுருக்கினால் வலிமையையும் அதே அளவு சுருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் மலைத்தொடரை ஒரு டப்பாவுக்குள் கொண்டுவந்தால், அதன் பாறை மணலைப்போல உதிரியாகத்தான் இருக்க வேண்டும்.

நிலத்தடி நீர் மாதிரியில் கிணறு வற்றவே மாட்டேன் என்கிறது

கண்ணாடித் தொட்டியில் ஜல்லியைப் போட்டிருப்பீர்கள். இடைவெளி பெரிது, நீர் உடனே வந்து நிரப்பிவிடுகிறது. மணலுக்கு மாறுங்கள். ஹேண்ட்வாஷ் பாட்டிலின் பம்பை மணலில் நட்டு, உறிஞ்சும் முனையில் கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மணல் ஏறிப் பம்பு அடைக்கும். வேகமாக இறைத்தால் பம்பைச் சுற்றி நீர்மட்டம் புனல்போல இறங்குவதும், பக்கத்தில் நட்ட உறிஞ்சுகுழலில் தண்ணீர் காணாமல் போவதும் தெரியும்.

இங்கேதான் நான் பல வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். மணல் மாதிரி ஆற்றுப் படுகைக்கும் டெல்டாவுக்கும் சரி. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை நிலம். அங்கே நீர் நிற்பது பாறை வெடிப்பிலும், மேலே சிதைந்த பாறையிலும். என் வகுப்பில் ஒருவனின் அப்பா 800 அடி போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வயலில் 300 அடியில் வந்துவிட்டது. "உங்க தொட்டியில எங்க குத்தினாலும் தண்ணி வருதே டீச்சர்" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு என் மாதிரி பொய்யாகிவிட்டது.

இப்போது இரண்டு தொட்டி வைக்கிறேன். ஒன்றில் மணல். இன்னொன்றில் கடப்பாக்கல் துண்டுகளை நெருக்கி அடுக்கி, நடுவே ஒரே ஒரு இடுக்கு. 1 லிட்டர் காய்ந்த மணல் 350 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். கல் தொட்டி சில கரண்டியோடு நிரம்பி வழியும். மேலே அட்டையால் மூடி, குச்சியை விட்டுத் தண்ணீர் தேடச் சொல்கிறேன். இடுக்கில் இறங்கிய குச்சி நனைந்து வருகிறது. இரண்டு விரல் தள்ளி விட்டால் கல்லில் முட்டி நிற்கிறது. "அடியில் ஆறு ஓடுகிறது" என்ற எண்ணமும் இந்தத் தொட்டியில்தான் கரைகிறது.

எரிமலை பிரமாதமாகப் பொங்கியது. விடைத்தாளில் "எரிமலைக்குள் அமிலமும் சோடாவும் உள்ளன" என்று வந்தது

ஆப்பசோடாவும் வினிகரும் காட்டுவது ஒரு வேதிவினை. எரிமலையைப் பொங்கவைப்பது பாறைக்குழம்பில் அழுத்தத்தால் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும். ஒரு கோலி சோடாவை எடுங்கள். மூடியிருக்கும்போது குமிழ் இல்லை. கோலியைத் தட்டி அழுத்தம் விட்டதும் உள்ளே எங்கும் குமிழ் பிறக்கிறது. பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டிப் பாகு. இரண்டிலும் உறிஞ்சுகுழலால் ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழ் எளிதாக வெளியேறும். பாகில் சிக்கி, உப்பி, தெறிக்கும். இளகிய குழம்பு பரவிப் படிந்து 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணப் பீடபூமியின் கருங்கல் அடுக்கானதும், பிசுபிசுத்த குழம்புள்ள மலைகள் வெடிப்பதும் இந்த இரண்டு டம்ளரில் பிரிந்து நிற்கும்.

பூமி உருண்டையை வெட்டிக் காட்டினேன். "கவசம் முழுக்க லாவா" என்கிறார்கள்

சிவப்புக் களிமண்ணின் வேலை அது. மேலோட்டுக்கும் நடுவிலுள்ள கருவத்துக்கும் இடையில் இருக்கும் கவசம் திடப்பாறை; மிக மிக மெதுவாக நகரும் திடம். சிவப்பைக் கைவிட்டுப் பச்சையோ சாம்பலோ பயன்படுத்துங்கள். மேலோட்டையும் விரல் கனத்தில் பூசாதீர்கள். தரையில் 64 சென்டிமீட்டர் ஆரத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். 1 சென்டிமீட்டருக்கு 100 கிலோமீட்டர். கருவத்தின் ஆரம் சுமார் 35, உட்கருவம் 12. கண்டங்களின் மேலோடு? அந்தச் சாக்பீஸ் கோட்டின் கனம்தான். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, 12,262 மீட்டர், அந்தக் கோட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. குனிந்து பார்க்கும் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். அவசரப்பட்டு நீங்களும் பேசிவிடாதீர்கள்.

பல்பைச் சுற்றிக் காட்டிய பிறகும் "சூரியன் கிட்ட வந்தா கோடை" என்கிறார்கள்

உங்கள் கையைக் கவனியுங்கள். உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றும்போது, நம்மை அறியாமல் அச்சின் சாய்வையும் பல்பின் பக்கமே திருப்பிக்கொண்டு போகிறோம். அப்புறம் பருவம் எப்படி மாறும்? வடக்குச் சுவரில் ஒரு பொட்டு ஒட்டி, 23.5 பாகை சாய்ந்த அச்சு எந்த இடத்தில் நின்றாலும் அந்தச் சுவரின் பக்கமே சாய்ந்திருக்கும்படி நடங்கள். புத்தகத்தில் நீள்வட்டத்தை மிகைப்படுத்திப் போட்டிருப்பதும் குழப்பத்துக்குக் காரணம். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், நம் மார்கழிப் பனியில். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. இதைச் சொன்னதும் வகுப்பு தானே விவாதிக்கும்.

முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளப்பது இதற்குத் துணை. சூரியன் நேர் உச்சிக்கு வருவது கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டி, சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் மீண்டும் ஒருமுறை.

ரசித்தார்கள், நோட்டில் ஒரு வரி இல்லை

தண்ணீரைத் திறப்பதற்கு முன், "என்ன நடக்கும்?" என்று ஒவ்வொருவரும் ஒரு படம் வரைய வேண்டும். நடந்த பிறகு அதன் பக்கத்திலேயே நடந்ததை வரைய வேண்டும். தப்பாக வரைந்த முதல் படத்தை அழிக்க விடாதீர்கள். பின்வரிசைக்குத் தெரியவில்லை என்றால் ஒரு பெரிய மாதிரியைவிட எட்டுச் சின்ன டப்பாக்கள் மேல்.

போன வருடம் வேலை செய்த மாதிரி இந்த வருடம் செய்யவில்லை

ரப்பர் பேண்டு வெயிலில் இற்றிருக்கும், புதிது போடுங்கள். கோலப்பொடி கலந்த மணலைத் திரும்பப் பிரிக்க முடியாது, ஆற்றுத் தட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். முளைப்பாரி போட்ட மணலை ஈரத்தோடு மூட்டை கட்டினால் வேர் அழுகி நாறும். வெயிலில் இரண்டு நாள் பரப்பி, சல்லடையில் சலித்து, சாக்கின்மேல் "சலித்தது" என்று தேதியோடு எழுதிக் கட்டுங்கள்.